அம்பாசிடர் மார்க் 4: பழைய தமிழ்க் கையேடு ஒன்று கிடைத்திருக்கிறது, நம்பி வேலை செய்யலாமா?

திண்டுக்கல்_மார்க்4

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1984 மாடல் அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. அப்பா வாங்கியது. அவர் இருந்தவரை வண்டிக்கு வேண்டியதை அவரும் தெருமுனைப் பட்டறை மேஸ்திரியும் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரியும் போன வருடம் பட்டறையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது எந்தப் பட்டறைக்கு எடுத்துப் போனாலும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இப்ப ஆள் இல்லீங்க" என்று மூடிவிடுகிறார்கள். சரி, நாமே கற்றுக்கொள்வோம் என்று இறங்கிவிட்டேன்.

போன வாரம் ஒரு பழைய புத்தகக் கடையில் அம்பாசிடர் பராமரிப்புக் கையேடு ஒன்று கிடைத்தது. முழுக்கத் தமிழ். 212 பக்கம், ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் பிரதி. முதல் ஆறு பக்கங்கள் இல்லை, அதனால் எழுதியவர் பெயரும் அச்சான வருடமும் தெரியவில்லை. 900 ரூபாய் கேட்டார், 700-க்குக் கொடுத்தார். எழுதியவர் பட்டறையில் நின்று எழுதியவர் என்று படிக்கும்போதே தெரிகிறது. "நட்டை இறுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காதே, கை அளவு மீறும்" என்று ஓர் இடத்தில் வருகிறது. அப்பாவும் இப்படித்தான் பேசுவார்.

இதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் என் கேள்வி. சில பக்கங்களில் சொல்வதும் இப்போது மற்றவர்கள் சொல்வதும் ஒத்துப்போகவில்லை.

பழைய பட்டறை

தம்பி, நான் 38 வருடம் அம்பாசிடர் வேலை பார்த்தவன். கையேட்டைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். இது எந்த இஞ்சினுக்கு எழுதியது? "அம்பாசிடர்" என்ற ஒரே பெயரில் பல வண்டிகள் ஓடின. 1489 சிசி பெட்ரோல், அதே 1489-இல் டீசல், அப்புறம் தொண்ணூறுகளில் வந்த இசுசு 1800 பெட்ரோல். வெளியே பார்த்தால் அதே உருண்டை உடம்புதான். உள்ளே டேப்பெட் அளவு (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் விடுகிற இடைவெளி) வேறு, டைமிங் வேறு, கியர் பெட்டியே வேறு.

வருடம் தெரியவில்லை என்றால் உள்ளே இருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். டீசல் பற்றி அத்தியாயம் இருக்கிறதா? இசுசு பற்றி ஒரு வரியாவது உண்டா? பெட்ரோல் பகுதியில் ஈயம் பற்றி என்ன எழுதியிருக்கிறார்? பார்த்துச் சொல்லு.

திண்டுக்கல்_மார்க்4

பார்த்தேன் ஐயா. டீசலுக்கு நான்கு பக்கம், அதிலும் பாதி நாசில் பற்றித்தான். இசுசு என்ற பேச்சே இல்லை. பெட்ரோல் பற்றி எழுதும்போது ஈயத்தை ஒரு பிரச்சினையாகவே பேசவில்லை, எல்லாப் பெட்ரோலிலும் அது இருக்கும் என்ற மாதிரியே எழுதியிருக்கிறார்.

பழைய பட்டறை

அப்படியானால் எண்பதுகளில் எழுதியது. உன் வண்டி 1984. பொருந்துகிறது. இஞ்சின் பகுதியை நம்பிப் படி. ஆனால் அவர் எழுதிய காலத்துப் பெட்ரோல் இப்போது எந்தப் பங்கிலும் இல்லை என்பதை மறக்காதே.

ஈரோடு_1800

நான் இதே கையேட்டின் பிரதியை வைத்து வேலை செய்து மாட்டிக்கொண்டவன், அதனால் சொல்கிறேன். என்னிடமும் முதல் பக்கங்கள் இல்லை. வண்டி அம்பாசிடர், புத்தகமும் அம்பாசிடர், பிறகென்ன என்று என் இசுசு வண்டியின் ராக்கர் மூடியைக் கழற்றிவிட்டேன். புத்தகத்துப் படத்தில் புஷ்ராடு இருந்தது, என் வண்டியில் இல்லை. இசுசுவில் கேம் ஷாஃப்ட் மேலே ஹெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் புத்தகத்தில் இருந்த அளவையே எட்டு வால்வுக்கும் வைத்தேன். வண்டி தையல் மிஷின் மாதிரி சத்தம் போட்டது, இழுவையும் போச்சு. மறுபடி சரியான அளவு தேடி வைக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

எழுதியவர் மேல் குறை இல்லை, அவர் எழுதியபோது இசுசு வண்டி வரவே இல்லை. ஆனால் இந்தப் பிரதியை விற்பவர்கள் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதி ஒட்டலாம். என் பிரதியில் நானே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்: "1489 பெட்ரோலுக்கு மட்டும்."

நோவா_திருச்சி

என்னுடையது டீசல். எனக்கு அந்த நான்கு பக்கத்தால் பெரிய பயன் இல்லை. ஆனால் ஸ்டீயரிங், பிரேக், பின்பக்கப் பட்டை, ஹவுசிங் பகுதிகளெல்லாம் எனக்கும் உதவின. குறிப்பாக முன்சக்கரத்துக்குக் கிரீஸ் அடிப்பது. 131-ஆம் பக்கம் இருக்கிறதா பாருங்கள், வெறும் ஒன்றரைப் பக்கம்தான். மொத்தக் கையேட்டிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அது. சக்கரத்தைத் தரையில் வைத்துக்கொண்டு கிங் பின்னுக்கு (முன்சக்கரம் இடவலம் திரும்புகிற அச்சு) கிரீஸ் அடிக்காதே, ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டு அடி என்கிறார். தரையில் நிற்கும்போது வண்டியின் பாரம் முழுக்க ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கும். எங்கே தேய்மானமோ அந்த இடத்துக்குத்தான் கிரீஸ் போகாது. தூக்கிவிட்டு, சக்கரத்தை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே அடித்தால் பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி, கடைசியில் புதுசு எட்டிப்பார்க்கும். அதுவரை அடிக்க வேண்டும்.

நான் 12 வருடம் வண்டியைத் தரையில் வைத்தே அடித்துக்கொண்டிருந்தேன். தூக்கிவிட்டு அடித்த அன்று ஒரு நிப்பிளில் கிரீஸ் உள்ளேயே போகவில்லை, அடைத்துக் கல்லாக இருந்தது. நிப்பிளை மாற்றிய பிறகுதான் ஸ்டீயரிங் தளர்ந்தது.

திண்டுக்கல்_மார்க்4

131-ஆம் பக்கம் இருக்கிறது அண்ணே, இந்த வாரமே செய்கிறேன். அடுத்து டேப்பெட். 48-ஆம் பக்கத்தில் ஓர் அட்டவணை. அது மட்டும் ஜெராக்ஸில் பாதி கறுப்பாகிவிட்டது. "ஒன்பது கணக்கு" என்று தலைப்பு தெரிகிறது, இடைவெளி 15 தௌ என்றும் தெரிகிறது. மீதி படிக்க முடியவில்லை. யாராவது விளக்க முடியுமா?

பழைய பட்டறை

அந்த ஒரு கணக்குக்காகவே 700 ரூபாய் கொடுக்கலாம் தம்பி. சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவதுதான் நல்லது. நான்கு பிளக்கையும் கழற்று, இஞ்சின் கையில் லேசாகச் சுற்றும். ராக்கர் மூடியைக் கழற்று. மொத்தம் எட்டு வால்வு. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொள். 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட்.

இப்போது முன்னால் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்று. எந்த வால்வு முழுக்கக் கீழே அழுந்தி நிற்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழி. வருகிற எண்தான் நீ சரிபார்க்க வேண்டிய வால்வு. எட்டாவது அழுந்தியிருந்தால் முதலாவது. ஆறாவது அழுந்தியிருந்தால் மூன்றாவது. நான்கு என்றால் ஐந்து, ஏழு என்றால் இரண்டு. அவ்வளவுதான் ஒன்பது கணக்கு. டைமிங் குறி எதையும் தேட வேண்டாம், ஹேண்டிலை இரண்டு சுற்று முழுசாகச் சுற்றினால் எட்டும் முடிந்துவிடும்.

15 தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து, மில்லிமீட்டரில் 0.38. ஃபீலர் கேஜின் அந்தத் தகட்டை ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவில் விடு. தொட்டுக்கொண்டு, லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அதிகம், இழுத்தாலும் வராவிட்டால் குறைவு. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூடிரைவரால் திருப்பி வைத்து, ஸ்க்ரூடிரைவரை எடுக்காமலே நட்டை இறுக்கு. இறுக்கியதும் மறுபடி தகட்டை விட்டுப் பார். பத்தில் ஏழு தடவை நட்டு இறுகும்போது அளவு நகர்ந்திருக்கும்.

வைகை_வண்டி

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அந்த லாக் நட்டு அரை அங்குல ஸ்பேனருக்கானது. இப்போது கடையில் கிடைக்கும் செட்டெல்லாம் மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7. நம்மவர்கள் 13-ஐப் போட்டுத் திருப்புகிறார்கள். முதல் இரண்டு தடவை பிடிக்கும், மூன்றாவது தடவை நட்டின் முனை உருண்டுவிடும். என் வண்டியில் எட்டில் ஐந்து நட்டு இப்படி உருண்டே வந்தது. மதுரையில் தேடிக் கிடைக்கவில்லை, சென்னை புதுப்பேட்டைக்குப் போய்த்தான் பழைய ராக்கர் செட் ஒன்று வாங்கினேன். அங்குல ஸ்பேனரில் 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தாலே இஞ்சினில் பெரும்பாலான வேலை முடியும்.

கையேடு இதைச் சொல்லவே இல்லை. அந்தக் காலத்தில் எல்லோரிடமும் அங்குல ஸ்பேனர்தான் இருந்தது. இப்போது கற்றுக்கொள்பவருக்கு இதுதான் முதலில் தெரிய வேண்டும்.

கோவை_1966

எல்லோரும் கையேட்டைப் புகழ்கிறீர்கள். நானும் இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன், இஞ்சின் பகுதி அருமை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மூன்று இடங்கள் என்னைத் தூங்கவிடாதவை. அவற்றை யாரும் இன்னும் சொல்லவில்லை.

பிரேக் பகுதி, 158-ஆம் பக்கம். வழியில் பிரேக் ஆயில் குறைந்து வேறு கிடைக்காவிட்டால் கொஞ்சம் இஞ்சின் ஆயில் ஊற்றி வீடு வந்து சேரலாம் என்கிறார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பிரேக் ஆயிலின் பெயரில்தான் ஆயில் இருக்கிறது, அது பெட்ரோலிய எண்ணெய் இல்லை. வீல் சிலிண்டரிலும் மாஸ்டர் சிலிண்டரிலும் இருக்கிற ரப்பர் வாஷர்கள் இஞ்சின் ஆயில் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். பெருத்த வாஷர் திரும்பி வராது, பிரேக் பிடித்தபடியே நிற்கும் அல்லது பிடிக்கவே பிடிக்காது. ஒரு தடவை ஊற்றினால் அத்தனை ரப்பரையும் மாற்றி, குழாய் முழுவதையும் கழுவ வேண்டும். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாம் ஒரே திரவத்தை நம்பி நிற்கிறது.

இரண்டாவது, ஹெட் நட்டு இறுக்கும் பக்கம். "40 அளவு" என்று போட்டிருக்கிறார். 40 என்ன? பவுண்டு-அடியா, நியூட்டன் மீட்டரா? அலகே இல்லை. அந்தக் காலத்து வண்டிக்குப் பவுண்டு-அடி என்றுதான் எடுக்க வேண்டும், அது 54 நியூட்டன் மீட்டர். இன்று கடையில் வாங்கும் டார்க் ரெஞ்சில் நியூட்டன் மீட்டர்தான் பெரிதாக அச்சடித்திருக்கும். அதில் 40 வைத்து இறுக்கினால் கால்பங்கு தளர்வாக நிற்கும், கொஞ்ச நாளில் கேஸ்கெட் போய்விடும்.

மூன்றாவது பேட்டரி. என் வண்டி 1966 மார்க் 2, பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். கையேட்டின் வயரிங் படம் நெகட்டிவ் எர்த். படத்தைப் பார்த்து மாட்டினால் என் வண்டியில் எல்லாம் தலைகீழ். எந்த வருட வண்டியாக இருந்தாலும், பேட்டரியின் எந்த முனையிலிருந்து போகும் பட்டை வயர் பாடியில் போல்ட் போட்டிருக்கிறது என்று முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

திண்டுக்கல்_மார்க்4

அக்கா, 158-ஆம் பக்கத்தைப் படித்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. நான் அதைப் படித்துவிட்டு நல்ல யோசனை என்றே நினைத்திருந்தேன். நேரத்தில் சொன்னீர்கள், மிக்க நன்றி.

பழைய பட்டறை

கோவை அம்மா சொல்வது முழுக்கச் சரி. அந்தக் காலத்தில் நெடுஞ்சாலையில் இதைச் செய்தவர்கள் உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். வீடு வந்து சேர்ந்தார்கள், அடுத்த வாரம் பட்டறைக்கு வந்து மொத்த பிரேக்கையும் பிரித்தார்கள். கையேட்டில் முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டார்.

சேலம்_பையன்

தெர்மோஸ்டாட்டை, அதாவது இஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அடைத்து வைக்கிற வால்வை, கழற்றி எறி என்கிறதே கையேடு, அது சரியா? எங்கள் ஊர் வெயிலுக்கு அதுதான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பழைய பட்டறை

கழற்றுவதில் தப்பில்லை. நான் நூற்றுக்கணக்கில் கழற்றியிருக்கிறேன். மே மாதம் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏறுகிற வண்டிக்குத் தெர்மோஸ்டாட் ஒருநாள் மாட்டிக்கொண்டு திறக்காவிட்டால் இஞ்சினே போய்விடும். இல்லாத சாமான் பழுதாகாது.

கோவை_1966

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவள். ஆனாலும் இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெர்மோஸ்டாட் இல்லாத என் வண்டியில் ராக்கர் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் ஆடை மாதிரி ஒரு கூழ் படிந்திருக்கும். நான் ஓட்டுவது பெரும்பாலும் ஐந்து, ஆறு கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் இஞ்சின் சூடே ஏறவில்லை, உள்ளே ஊறிய ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்துவிட்டது. பி சீரீஸ் இஞ்சினுக்கு, அதாவது நம் 1489-க்கு, வெயில் ஊர்களுக்கென்றே 74 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் உண்டு. அதைத் தேடிப் போட்ட பிறகு அந்தக் கூழ் இல்லை. வண்டி உண்மையிலேயே கொதித்தால் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைத்திருக்கும். அதைக் கழற்றித் தூர் வாராமல் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் நோய் இருக்கிற இடத்தில் இருக்கும், நாம் வேறு இடத்தில் மருந்து போடுகிறோம்.

பழைய பட்டறை

நான் பார்த்தவை எல்லாம் டாக்சி. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ராத்திரி பத்துக்கு நிற்கும் வண்டிகள், அவை ஆறவே ஆறாது. வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்குப் போகிற வண்டிக்கு நீங்கள் சொல்வதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. போடும் முன்னால் கொதிநீரில் தொங்கவிட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அதை மட்டும் விடாதீர்கள்.

வைகை_வண்டி

பெட்ரோல் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், கையேட்டின் மிகப் பழசான பகுதி அதுதான். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். நம் இஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கு அந்த ஈயம்தான் ஒரு மெத்தை மாதிரி இருந்தது. அது போனதும் சீட் தேய்கிறது, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது. இறங்கினால் டேப்பெட் இடைவெளி குறையுமே தவிர அதிகமாகாது. அதனால் சத்தம் போடுகிற டேப்பெட்டைப் பார்த்துப் பயப்படுகிற நாம் சத்தமே இல்லாததைப் பார்த்துப் பயப்பட வேண்டும். இடைவெளி முழுக்கப் போனால் வால்வு மூடாது, விளிம்பு எரிந்துவிடும். கையேடு சொல்கிற இடைவேளையைவிடச் சீக்கிரமாகவே எக்ஸாஸ்ட் நான்கையும் பாருங்கள். ஹெட்டைக் கழற்றும் நாள் வந்தால் கெட்டியான சீட் வளையம் போட்டுவிடுங்கள், அப்புறம் இந்தக் கவலை இல்லை.

இப்போது எத்தனால் வேறு. 2023-இலிருந்து 20 சதவீதம் கலந்த இ20 வர ஆரம்பித்தது, இன்று பெரும்பாலான பங்குகளில் அதுதான். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் இரண்டையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாமல் இஞ்சினுக்குள் ஆயிலோடு போய்ச் சேரவும் கூடும். மாதம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கை உருவி மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கும்.

ஈரோடு_1800

இ20-இல் கலவை (காற்றோடு சேர்கிற பெட்ரோலின் அளவு) மெலிந்துவிடுகிறது என்பதும் உண்மை. எஸ்யூ கார்புரேட்டர் வைத்திருப்பவர்கள் கீழே இருக்கிற ஜெட் நட்டை ஒரு முகம், ஒரு முகமாக இறக்கிப் பாருங்கள். ஒரே தடவையில் அரைச் சுற்றுத் திருப்ப வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் மெலிவு, காபிப் பொடி நிறம் வந்தால் சரி.

திண்டுக்கல்_மார்க்4

எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். மூன்று வாரம் வண்டியோடுதான் இருந்தேன்.

முதலில் கிரீஸ். ஜாக்கி போட்டு, அடியில் ஸ்டாண்டு கொடுத்துத்தான் செய்தேன். வலது முன்சக்கரத்தில் இரண்டு நிப்பிள் அடைப்பு. மாற்றி அடித்ததும் முதலில் வந்தது கிரீஸே இல்லை, மணல் மாதிரி ஏதோ வந்தது. எவ்வளவு நாளாக அப்படி ஓடியதோ தெரியவில்லை.

அப்புறம் டேப்பெட். அங்குல ஸ்பேனர் வாங்கின பிறகுதான் மூடியைத் திறந்தேன். ஐயா சொன்ன ஒன்பது கணக்கு முதல் சுற்றிலேயே பிடிபட்டுவிட்டது. இன்லெட் நான்கும் ஏறக்குறைய சரி. எக்ஸாஸ்ட்டில் ஐந்தாவது வால்வில் 15 தௌ நுழையவே இல்லை, எட்டுதான் போனது. வைகை அண்ணன் சொன்னது கண்ணெதிரே நடந்தது. வண்டியில் டேப்பெட் சத்தமே இல்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்தப் பெருமைக்குக் காரணம் அந்த வால்வுதான். எட்டையும் வைத்து முடிக்க மூன்று மணி நேரம். முடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தபோது டிக் டிக் என்று சீரான சத்தம் வந்தது. அம்மா உள்ளேயிருந்து எழுந்து வாசலுக்கு வந்து, "அப்பா வண்டி சத்தம்" என்றார்கள்.

கையேட்டை என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 158-ஆம் பக்கத்தின் குறுக்கே பெரிதாகக் கோடு போட்டு, கோவை அக்கா எழுதியதை அப்படியே வெள்ளைத்தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டேன். ஹெட் நட்டுப் பக்கத்தில் "பவுண்டு-அடி, 54 நியூட்டன் மீட்டர்". பெட்ரோல் அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஈயம், இ20 இரண்டையும் பற்றி ஒரு தாள். தெர்மோஸ்டாட் பக்கத்தில் ஐயா சொன்னதும் அக்கா சொன்னதும், இரண்டுமே. நான் 74 டிகிரி தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "1489 பெட்ரோலுக்கு மட்டும்."

கோவை_1966

தம்பி, தெர்மோஸ்டாட் என்னிடம் இன்னொன்று இருக்கிறது. முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்பு, பார்சல் போடுகிறேன். அந்த ஐந்தாவது வால்வை மட்டும் ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி அளந்து பார். அதற்குள்ளேயே குறைந்திருந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

திண்டுக்கல்_மார்க்4

கட்டாயம் பார்க்கிறேன் அக்கா. மீட்டர் அளவைக் குறித்து வைத்துவிட்டேன். யாரிடமாவது 48-ஆம் பக்கம் கறுப்பாகாத பிரதி இருந்தால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். கீழே ஐயா சொல்லாத ஒரு கைப்படம் இருப்பது மாதிரி நிழலாகத் தெரிகிறது.